பொட்டு பாஸ்

பெரகலைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜெயராசா வீடு எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். பொட்டு பாஸ் வீடு என்று கேட்டால் போதும், மரக்கறிக் கடைக்காரர் கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே மேட்டுப் பக்கம் முகவாயைத் தூக்கிக் காட்டிவிடுவார். எங்கள் பக்கத்தில் மேசன் வேலை செய்கிறவரும் பாஸ், தச்சு வேலை செய்கிறவரும் பாஸ், குழாய் மாட்டுகிறவரும் பாஸ். சும்மா பாஸ் என்று கூப்பிட்டால் கடைத்தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஏதாவது ஒன்றை ஒட்டிவிடுவது வழக்கம். ஜெயராசாவுக்கு ஒட்டியது பொட்டு.

அவர் பொட்டு வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. கோயிலுக்குப் போனால் திருநீறு பூசுவார், வேர்வையில் அது கரைந்துபோனால் அதோடு சரி. பொட்டு வைப்பதெல்லாம் வெடித்த புகைபோக்கிச் சிமினிகளுக்குத்தான்.

ஆள் ஐம்பதைத் தாண்டியவர். தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து நிற்கிற பிழைப்பு தனக்கு ஒத்துவராது என்று வாலிப வயதிலேயே கொழும்புக்குப் போனார். அங்கே யார் யாருக்கோ மாடி மேல் மாடி கட்டினார். புழுக்கம் தாங்காமல் திரும்பி வந்தபோது மலையில் காத்திருந்தது சிமினி வேலை. வெள்ளைக்காரத் துரைமார் குளிருக்குப் பயந்து காம்பிராவுக்குக் காம்பிரா, அதாவது அறைக்கு அறை, கணப்பு அடுப்பு வைத்துக் கட்டிய பங்களாக்கள் ஹப்புத்தளையிலிருந்து பதுளை வரைக்கும் கிடக்கின்றன. துரைமார் போய்விட்டார்கள், செங்கல் சிமினிகள் மட்டும் மூடுபனியில் நனைந்துகொண்டு நிற்கின்றன. சில பங்களாக்கள் இப்போது கெஸ்ட் ஹவுஸ். துரைமாரின் பேரப்பிள்ளைகள் வந்து, காசு கொடுத்து, தாத்தா சும்மா காய்ந்த நெருப்பில் குளிர் காய்ந்துவிட்டுப் போகிறார்கள். அந்த நெருப்புக்குப் புகை போக வழி வேண்டுமே, அதற்குத்தான் ஜெயராசா.

வழுக்குகிற தகரக் கூரையில் ஏற மற்ற பாஸ்மாருக்கு மனமில்லை. இவர் ஏறுவார். கரியைச் சுரண்டித் தள்ளுவார், உள்ளே அடைத்துக் கிடக்கும் பறவைக் கூடுகளைக் கம்பியால் இழுத்துப் போடுவார், கூரையும் சிமினியும் சேருகிற இடத்தில் ஒழுக்கு விழாமல் தகரம் மடித்து அடிப்பார், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உதிர்ந்துபோன சாந்தை நோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்புச் சாந்து வைப்பார். சீமெந்து பூசு என்று யாராவது சொன்னால் காது கேட்காதவர்போல இருப்பார். பழைய செங்கல் மெத்தென்று இருக்கும், சீமெந்து இறுகிப் பிடித்தால் கல்தான் பொரிந்து உதிரும். இதைக்கூட அவர் சொன்னதில்லை, நாங்களாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

வெடிப்பில் இரண்டு வகை என்பது அவர் கணக்கு. ஒன்று செத்த வெடிப்பு, எப்போதோ நிலம் அசைந்தபோது விட்டது, அதோடு நின்றுவிட்டது. அதைச் சாந்து வைத்து அடைத்துவிடலாம். இன்னொன்று உசுருள்ள வெடிப்பு. அது இன்னும் விரிந்துகொண்டே இருக்கும். மேலே எதைப் பூசினாலும் ஒருநாள் சிமினி சரியும், அதைப் பிரித்து இறக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. எது செத்தது, எதற்கு உசுரு இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதற்குத்தான் பொட்டு. வெடிப்பின் குறுக்கே பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மெல்லிசாகச் சுண்ணாம்புச் சாந்தை அப்பிவிட்டுப் போவார். மழையோ காற்றோ ஒன்று வந்து போகட்டும் என்று விடுவார். திரும்பி வந்து பார்க்கும்போது பொட்டு முழுசாக இருந்தால் வெடிப்பு செத்தது. பொட்டு ரெண்டாக விட்டிருந்தால் உசுரு இருக்கிறது.

வேலையில் இவ்வளவு பொறுமையாக இருக்கிற மனிதருக்குப் பேச்சில் மட்டும் அப்படி ஒரு கஞ்சத்தனம். பண்டாரவளையில் கடை வைத்திருக்கிற ஸனூஸ் முதலாளி, ஒரு பழைய பங்களாவை வாங்கி கெஸ்ட் ஹவுஸ் ஆக்குகிறேன் என்று இவரிடம் மாட்டிக்கொண்ட கதை ஊருக்கே தெரியும்.

“ஏன் பாஸ், இது நிக்குமா, உழுமா?”

“பாப்போம் மொதலாளி.”

“என்னத்தப் பாக்க? எனக்கு வார மாசம் ஆள் வருது.”

“மழ முடியட்டும்.”

“மழ முடிஞ்சா?”

“பாப்போம்.”

இந்த மனிசனோட பேசுறத்துக்கு அந்தச் சிமினியோடயே பேசலாம் என்று முதலாளி கடைக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் வேறு ஆளைக் கூப்பிடவில்லை. ஜெயராசா கை வைத்த சிமினி விழுந்ததாக அதுவரைக்கும் ஒரு பேச்சு இல்லை. அந்த ஒரு பெயர்தான் அவருக்கு இருந்த சொத்து, அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி சந்திரகாந்தி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். “பொண்ணு பாக்க வந்தப்ப புடிச்சிருக்கான்னு கேட்டாங்க. பாப்போம்னாரு. இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்காரு” என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் இராக்கம்மா கூப்பிட்டு அனுப்பினாள்.

பெரகலைக்கு மேலே, தேயிலை முடிகிற மேட்டில், சின்னத்துரை ஒருவர் இருந்த பழைய பங்களா. துரை போன பிறகு அதைக் காவல் காத்தவர் இராக்கம்மாவின் புருஷன். அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, முன்பாதி கூரை விழுந்து காடு ஏறிவிட, பின்பாதியில் இராக்கம்மாவும் மகள் கிருஷாந்தியும் இருந்தார்கள். குசினி ஒன்று, அதற்கு அடுத்தாற்போல் பெரிய காம்பிரா ஒன்று, வாசல் பக்கம் சின்னதாக இன்னொன்று. குசினிக்கும் பெரிய காம்பிராவுக்கும் நடுச்சுவரில் சிமினி. குசினிப் பக்கம் இராக்கம்மாவின் அடுப்பு. விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்துச் சந்திக் கடைகளுக்கு அனுப்புவாள், பொழுது சாயும்போது மறுபடி அடுப்பு எரியும். காம்பிராப் பக்கம் துரை குளிர்காய்ந்த கணப்பைப் பலகை வைத்து அடைத்து, மேலே சாமி படங்கள் வைத்திருந்தார்கள். அதன் அடியில்தான் கிருஷாந்தியின் கட்டில்.

போன ஐப்பசி மழையில் பங்களாவுக்குக் கீழே கரை கொஞ்சம் சரிந்தது. அதற்குப் பிறகு அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு வெடிப்பு சாய்வாக ஓடிக் கூரைக்குள் போயிருப்பதை இராக்கம்மா கண்டாள். மழை விட்டதும் ஜெயராசா வந்தார். ஏணியில் காலை வைக்கிற எந்த வேலைக்கும் முன்னால் சூடம் கொளுத்தி முனியாண்டியைக் கும்பிடுவது அவர் வழக்கம். அன்றைக்கும் அடுப்புக்குப் பக்கத்திலேயே சூடம் கொளுத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறினார். உள்ளே இருந்த கரியையெல்லாம் தள்ளி இறக்கினார். எல்லாம் முடிந்து கை கழுவிய பிறகு, வெடிப்பின் குறுக்கே பொட்டை வைத்தார்.

“தங்கச்சி, பொட்டு வெச்சிருக்கேன். தொடாதீங்க.”

“சரிங்க பாஸண்ணே.”

“புள்ள இந்தக் காம்பிராவுல படுக்க வேணாம். முன்னால படுக்கட்டும்.”

“எத்தன நாளைக்குங்க?”

“ஆடிக் காத்து போகட்டும். வந்து பாக்குறேன்.”

அவ்வளவுதான் பேச்சு. பொட்டு எதற்கு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சூடம் கொளுத்திக் கும்பிட்டு, கை கழுவிப் பொட்டு வைத்து, தொடாதே என்று சொல்லிவிட்டு ஒரு மனிதர் போனால் பார்த்துக்கொண்டிருக்கிறவள் என்ன நினைப்பாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சிமினியைப் பற்றி யோசிக்கிற தலையில் மனுஷர்களுக்கு இடம் கொஞ்சம் குறைவு.

பங்குனியில் கிருஷாந்திக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வெலிமடையில் மரக்கறி லொறி ஓட்டுகிறவன், நல்ல பையன். ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். நடுவில் ஆடி வந்தது. பெரகலைக் கணவாயில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே ஒருநாள் நின்றவர்களுக்குத் தெரியும். அந்த வருஷமும் கூரைத் தகரங்கள் பறந்தன, மரங்கள் விழுந்தன. சிமினி நின்றது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் இராக்கம்மா மறுபடி ஆள் அனுப்பினாள். மாலையில் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள், எங்கே படுக்க வைப்பது என்று தெரியவேண்டும். ஜெயராசா வந்தார். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள், குசினியில் நிற்க இடமில்லாமல் பெண்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய் அண்ணாந்து பார்த்தார். அவர் வைத்த இடத்தில், வட்டமாக, வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது பொட்டு.

“செத்த வெடிப்புதான்” என்றார்.

“அப்ப நிக்குமாங்க?”

“நிக்கும்.”

நிக்கும் என்று ஒரு சொல் பொட்டு பாஸ் வாயிலிருந்து வந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டுச் சந்தோஷம் அவரையும் தொற்றிக்கொண்டதோ என்னவோ. இராக்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கிருஷாந்தி காம்பிராக் கதவில் நின்று கேட்டாள்.

“மாமா, அப்ப நான் என் ரூமுக்கு வந்துரலாமா?”

“வந்துரு பாப்பா.”

அவர் இறங்கிப் போவதற்குள் கட்டிலைத் தூக்கிப் பழைய இடத்தில் போட்டுவிட்டார்கள். பொண்ணுக்கும் தோழிகளுக்கும் ராத்திரி அந்தக் காம்பிரா என்று முடிவானது.

ஜெயராசா சந்திக்கு வந்து ஸரூக்கின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தார். ஒரு சிமினி பிழைத்ததில் அவருக்கு மனசு நிறைந்திருந்தது. ஸரூக் கடை அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே தன்பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருந்தான்.

“பெருநாளைக்கு வெள்ள அடிச்சது பாஸ். அதுக்குள்ள பாருங்க, எப்பிடிக் கறுத்துப் பெய்த்து. இந்த வெறகு அடுப்பு இருக்கிற வரைக்கும் செவரு வெள்ளையா நிக்காது.”

ஜெயராசா சுவரைப் பார்த்தார். அடுப்புக்கு மேலே சுவர் சட்டியின் அடியைப்போல இருந்தது. தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. இரண்டு வேளை விறகு எரிகிற குசினியில், அடுப்புக்கு மேலே, மழை முடிந்ததும் வைத்த பொட்டு ஆவணியிலும் எப்படி வெள்ளையாக இருக்கும்?

கிளாஸை வைத்துவிட்டு, சந்தியில் நின்ற த்ரீவீலில் ஏறி, மேலே விடு என்றார்.

குசினிக்குள் போனதும் சுத்தியலின் கூர்ப்பக்கத்தால் பொட்டைச் சுரண்டினார். வெள்ளைச் சுண்ணாம்பு தோலாக உரிந்து வந்தது. அதற்குள்ளே இன்னொரு தோல். அதற்கும் கீழே, கரி படிந்து கறுத்து, அவர் வைத்த பொட்டு. நடுவில் ரெண்டாகப் பிளந்திருந்தது. பிளவில் அவருடைய சுண்டுவிரல் நகம் நுழைந்தது.

“தங்கச்சி, கொஞ்சம் இங்க வாங்க.” பெண்களெல்லாம் வாசலுக்குப் போகிறவரை காத்திருந்து கேட்டார். “இத யாரு தொட்டது?”

இராக்கம்மா பிளந்த பொட்டைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான்தாங்க பாஸண்ணே. ஆடியில காத்து அடிச்ச மறுநாள் பாக்குறேன், சாமி பொட்டு ரெண்டா வெடிச்சிருக்கு. பரிசம் போட்ட வீடு. பொட்டு வெடிச்சா என்ன அர்த்தம், சொல்லுங்க. எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு. தல முழுகிட்டு வந்து வெத்தலச் சுண்ணாம்ப எடுத்துப் பூசுனேன். கொஞ்ச நாள்ல மறுபடி விட்டுச்சு. மறுபடி பூசுனேன். விட விடப் பூசிக்கிட்டே இருந்தேன். புள்ளைக்குக்கூடத் தெரியாது.”

“நான் தொடாதீங்கன்னு சொன்னேனே.”

“அழுக்குக் கையால தொடக்கூடாதுன்னு சொன்னீங்கன்னு நெனச்சேன். குளிக்காம ஒருநாளும் தொடலைங்க.”

அவள் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் தன் மேல்தான் வந்தது. வெடிப்பு பார்க்கத்தான் இது என்று அன்றைக்கு அரை வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அந்த அரை வார்த்தைக்கு என்ன காசா கேட்டார்கள்? விட விடப் பூசினாள் என்றால் சுவர் ஆடி முழுக்க நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அதை நிக்கும் என்று தன் வாயால் சொல்லி, ஒரு கல்யாணப் பெண்ணை அதன் அடியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாகிவிட்டது.

காம்பிராவில் கிருஷாந்தி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, வெளிய வா.”

“ஏன் மாமா, இப்பத்தானே வந்துரலாம்னீங்க?”

இராக்கம்மாதான் ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கட்டிலை எடுக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, கெடக்கட்டும் என்றார். குசினியிலும் காம்பிராவிலும் ஒருவரையும் வைக்காமல் இரண்டு கதவையும் சாத்தினார். இருட்டினால் பிள்ளைகுட்டிகளோடு வீடு நிறைந்துவிடும், கதவைச் சாத்தி எத்தனை பேரைத் தடுப்பது? கூரைக்கு மேலே நிற்கிற பாரத்தையாவது பொழுது இருக்கும்போதே கல் கல்லாக இறக்கிவிடுவது என்று ஏணியைச் சாத்தினார். அன்றைக்கு ஒருநாள்தான் அவர் சூடம் கொளுத்தாமல் ஏறியது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. முகூர்த்தப் புடவைத் தட்டோடு பெண்கள் இறங்கினார்கள். முன் சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கினார். வெலிமடையில் அவர் சொல்லை நாலு பேர் கேட்பார்கள். கல்யாண வீட்டில் கூரைமேல் ஒருவன் சுத்தியலோடு நிற்பதை எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

மேல் வரிசையில் சில கற்களை ஜெயராசா எடுத்துப் போட்டிருப்பார். அடுத்த வரிசையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே எங்கேயோ நறநறவென்று ஒரு சத்தம். அவர் பின்னால் சாய்ந்து கூரையில் விழுந்து தகர மடிப்பைப் பற்றிக்கொள்ளவும், சிமினி இடுப்பு ஒடிந்து, காம்பிராப் பக்கம் கூரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கவும் சரியாக இருந்தது.

தூசி அடங்கிக் கதவைத் திறந்தபோது கட்டில் இருந்த இடத்தில் செங்கல் குவியல்தான் இருந்தது. தலைமாட்டுக் கால் ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கிருஷாந்தி அதைப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முழங்கை சிராய்த்து ரத்தம் வழிய ஜெயராசா இறங்கி வந்தார். புடவைத் தட்டை வைத்திருந்த பெரியம்மா ஒருத்தி மெல்லப் பேச ஆரம்பித்தாள்.

“பொண்ணு படுக்குற கட்டில்ல கூர இடிஞ்சு விழுந்திருக்கு. அதுவும் பொடவைத் தட்டு வாசல் மிதிக்கிற நேரத்துல. இது நல்லதுக்கு இல்ல, சொல்லிட்டேன்.”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டைத் தரையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். வேன் டிரைவர் திரும்ப வண்டிப் பக்கம் போனான். தாய்மாமன் முகம் இறுகிப்போனது. நேரே ஜெயராசாவிடம் வந்தார்.

“யோவ் பாஸ், ஒரே ஒரு கேள்வி. தானா விழுந்துச்சா, நீ தள்ளுனியா?”

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்பது வாசலில் நின்ற எல்லாருக்கும் தெரியும். தானாக விழுந்தால் சகுனம். சகுனம் என்றால் தட்டு வேனுக்குத் திரும்பும், அப்புறம் அந்தப் பெண்ணைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். இராக்கம்மா முன்னால் வந்தாள். உண்மையைச் சொன்னால் பாஸ் பேரில் பழி வராது என்பது மட்டும்தான் அப்போது அவள் புத்தியில் இருந்தது.

“அண்ணே, அவரு மேல ஒண்ணும் இல்லைங்க. அது ஆடியிலயே…”

“நான்தாங்க தள்ளுனேன்” என்றார் ஜெயராசா.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

“நல்லா நின்ன சிமினிங்க. இன்னும் நூறு வருசம் நிக்கும். மேல ரெண்டு கல்லு மட்டும் லூசா இருந்துச்சு. கல்யாண வீடு, சரி பண்ணிக் குடுத்துருவோம்னு ஏறுனேன். மொதல்ல கீழ இருந்து கட்ட வெச்சு முட்டுக் குடுத்திருக்கணும், குடுக்கல. ஓரமாத் தட்ட வேண்டியத நடுவுல தட்டிட்டேன். அவசரம். அது என்ன பண்ணும் பாவம், தள்ளுன பக்கம் விழுந்துருச்சு. தங்கச்சி கூட வேணாம், கல்யாணம் முடியட்டும்னுச்சு. நான்தான் கேக்கல. எல்லாம் என் வேலக் கோளாறுதாங்க.”

ஒரு சிமினியைப் பற்றி அவர் இவ்வளவு விவரமாகப் பேசி ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. முழுக்கப் பொய்.

தாய்மாமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூச்சை விட்டார். முகத்தில் இருந்த இறுக்கம் போய்க் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பார்த்ததும்தான் மற்றவர்களுக்கு உயிர் வந்தது.

“பாத்தியாக்கா? சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேசன் கோளாறு. ஏன்யா, தொழில் தெரியாட்டி மண்ணு சொமக்கப் போக வேண்டியதுதானே? கல்யாண வீட்டுல வந்துதான் பழகணுமா? இவனக் கூப்பிட்டுச் சிமினி கட்டுறவன் எல்லாம் மொதல்ல வீட்ட விட்டு வெளிய வந்து நின்னுக்கங்கப்பா!”

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயராசாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். புடவைத் தட்டு உள்ளே போனது. குசினியில் அடுப்பு மூட்ட முடியாததால் முற்றத்தில் தறப்பாள் விரித்துக் கட்டி, கல் கூட்டிச் சமைத்தார்கள். மறுநாள் கோயிலில் தாலி ஏறியது. சாம்பாரில் கொஞ்சம் புகை நாற்றம் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

சிமினி விழுந்த கதை ஜெயராசாவுக்கு முன்னாலேயே பெரகலைக்கு இறங்கிவிட்டது. ஸனூஸ் முதலாளி முகம் பார்த்துச் சொல்லச் சங்கடப்பட்டு, பதுளையிலிருந்து வேறு பாஸை வரவழைத்துக்கொண்டார். ஹப்புத்தளைப் பக்கம் பேசிவைத்திருந்த வேலையும் வரவில்லை. சந்திரகாந்தி பீலிக்கரைக்குப் போய் வாய் திறக்காமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார், வீட்டுக்கு வந்து அதற்கும் சேர்த்துப் பேசினார். இப்போது ஜெயராசா மதில் கட்டுகிறார், கக்கூஸுக்குச் சுவர் எழுப்புகிறார்.

மாப்பிள்ளையும் பெண்ணும் வெலிமடைக்குப் புறப்பட்டுப் போன மறுநாள் அவர் பங்களாவுக்குப் போனார். காம்பிராவுக்குள் கிடந்த கற்களை வெளியே கொண்டுவந்து, ஒட்டியிருந்த பழைய சாந்தைக் கொத்தித் தட்டி, நல்ல கல்லாகப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தார். இராக்கம்மாவுக்கு இடியப்பம் அவிக்க ஒரு குசினி வேண்டும். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

“பாஸண்ணே, நான் பண்ணுன தப்புக்கு உங்க பேரு போச்சே. நான் போய் நாலு எடத்துல உண்மையச் சொல்லிர்றேன். என்னால தாங்க முடியல.”

“சொல்லாதீங்க. தானா விழுந்துச்சுன்னு தெரிஞ்சா புள்ளையத்தான் ராசி இல்லாதவம்பாங்க.”

“இத்தன வருசமாக் காப்பாத்துன பேராச்சேங்க.”

ஜெயராசா கையிலிருந்த கல்லைப் புரட்டிப் பார்த்தார்.

“தேத்தண்ணி குடிச்சிட்டு, நிக்கும்னு சொன்னது சொன்னதா இருக்கட்டும்னு நான் வீட்டுக்குப் போயிருந்தா? அன்னிக்கு ராத்திரி வரைக்கும் எனக்குப் பேரு இருந்திருக்கும் தங்கச்சி. உங்களுக்குப் புள்ள இருந்திருக்குமா?”

இராக்கம்மா செங்கல் குவியல் மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் அடுத்த கல்லை எடுத்துச் சாந்தைத் தட்டத் தொடங்கினார்.